ஃபேன் போடக்கூடாது!

செருப்பைக் கழற்றும்போதே மேலிருந்து கேட்கிறது: பத்துப் பதினைந்து ஆட்டோக்களை ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்கிற மாதிரி ஒரு ‘ப்ர்ர்ர்ர்’! சென்னையில் ஒரு வீட்டு மாடிக் கொட்டகை, நடிப்புப் பயிற்சி வகுப்பு. வேடிக்கை பார்க்க அனுமதி வாங்கியாச்சு. வாங்க, ஓசைப்படாமல் ஏறிடலாம்.

ஆட்டோவெல்லாம் இல்லை, உதடுகள்தான். பாய் விரித்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வைத்து மல்லாந்து கிடக்கிறார்கள். உதடு தளர்ந்தால் தாடை தளரும், தாடை தளர்ந்தால் குரல் இறங்கி வருமாம். பனியன்கள் தொப்பலாக நனைந்திருக்கின்றன. தலைக்கு மேலே ஃபேன் சும்மா தொங்குகிறது. “அவங்க மூச்சு எனக்குக் கேக்கணும், சார்” என்கிறார் சொல்லித்தருகிற அக்கா, கழுத்தைத் துடைத்தபடி.

மூலையைப் பாருங்கள். தகர வாள், கால் ஒடிந்த நாற்காலி, டிபன் கேரியர்கள், கிரீடமாகப் பதவி உயர்வு பெற்ற ஒரு ஹெல்மெட். ஆளுயரக் கண்ணாடி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டே நடித்தால் முகம் மட்டும்தான் நடிக்குமாம்!

அடுத்து பென்சில். பல்லில் கடித்துக்கொண்டு ‘வாழைப்பழம்’ சொல்ல வேண்டும். எச்சில் வழிகிறது, சிரிப்பு வெடிக்கிறது. பென்சிலை எடுத்ததும் ‘ழ’ அத்தனை அழகாக உருள்கிறது. பிறகு ஒருத்தர் மாடிப்படிக்குக் கீழே போய் நிற்க, மேலே இருப்பவர் கத்தாமல் அவருக்கு வசனத்தை அனுப்ப வேண்டும். கீழிருந்து குரல் வருகிறது: “வந்தியா, வரலியா? கடைசி கேக்கல!” நியாயம்தானே? தமிழில் விஷயமே வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. அதை விழுங்கினால் கதையே மாறிப்போகும். மைக் இல்லாமல் விடிய விடியப் பாடி ஆடிய தெருக்கூத்துக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

இப்போதுதான் விருந்து. ஒரு பெண்ணும் ஒரு பையனும் எதிரெதிரே நாற்காலியில்.

“நீ தாடி வச்சிருக்க.”

“நான் தாடி வச்சிருக்கேன்.”

இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நியூயார்க்கில் நடிப்பு சொல்லிக்கொடுத்த சான்ஃபோர்ட் மைஸ்னர் உண்டாக்கிய பயிற்சி இது. முதலில் கட்டையாக இருக்கிறது. பிறகு அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு முட்டுகிறது. “நீ முறைக்கிற.” “நான் முறைக்கிறேன்.” அவன் காது சிவக்கிறது. “நீ பயப்படுற.” சற்று நேரம் பதிலே இல்லை. “நான்... பயப்படுறேன்.” அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல்! வசனம் எழுதிக் கொடுத்தால்கூட இப்படி வராது.

அடுத்து வந்த தம்பி உட்கார்ந்ததுமே கழுத்து நரம்பு புடைக்க அழ ஆரம்பித்துவிட்டார். “அழுகை பிரமாதம்டா. எதிர்ல ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளப் பாத்தியா?” என்றார் அக்கா. அழுதவர்தான் முதலில் சிரித்தார். எனக்கென்னவோ, இங்கே நடிக்கச் சொல்லித்தருவதைவிட சினிமா பார்த்துப் படிந்ததைச் சுரண்டி எடுப்பதுதான் பெரிய வேலை என்று தோன்றியது.

டீ இடைவேளையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் கதைகள். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கியது, நடிகர்கள் பசுபதி, கலைராணி எல்லாம் அங்கே பழகியவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர். “நானும் அந்த ரூட்தான், சார்” என்று ஃபீஸ் நோட்டை ஆட்டிக் காட்டினான் டீ ஊற்றிய பையன்.

நோட்டுப் புத்தகத்தோடு நழுவப் பார்த்த என்னையும் நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். எதிரே அதே பையன்.

“நீங்க எழுதுறீங்க.”

“நான் எழுதுறேன்.”

“நீங்க போண்டாவப் பாக்குறீங்க.”

“நான் போண்டாவப் பாக்குறேன்!”

“அக்கா, சாருக்கு உண்மை வந்துடுச்சு!”