குளிர்மலை நாட்டில் முதுமரங் காத்தல்

இளங்கன்றுக்கு வேலி கட்டி நீர் விடுவார் பலர். அக்கன்று ஓங்கி வளர்ந்து வீட்டிற்கு நிழல் தரத் தொடங்கியபின் அதனை ஏறெடுத்து நோக்குவார் சிலரே. வளர்ந்த மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பது பொதுமக்கள் கருத்து. காட்டில் நிற்கும் மரத்திற்கு இஃது ஒருவாறு பொருந்தும். மனிதர் தம் விருப்பம்போல் ஓரிடத்தில் நட்டுவைத்த மரத்திற்கு, அதிலும் அவ்விடம் அதற்கு இயல்பான நிலம் அன்றாயின், இக்கருத்துச் சிறிதும் பொருந்தாது. இவ்வுண்மையை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ராக்கி மலைத்தொடரின் கீழைச் சாரலை ஒட்டிய கொலராடோ நகரங்களை எடுத்துக்கொள்வாம்.

இவற்றுள் தலையாயதாகிய டென்வர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 5,280 அடி உயரத்தில் உள்ளது. 1858ஆம் ஆண்டில் பொன் தேடி வந்தோர் இந்நகரை நிறுவியபோது, ஆற்றோரங்களில் நின்ற காட்டன்வுட் முதலிய சில மரங்களைத் தவிர, எம்மருங்கும் புல்வெளியே பரந்து கிடந்தது. ஆண்டுதோறும் மழையாகவும் பனியாகவும் ஏறக்குறைய 15 அங்குலமே நீர் பெறும் நிலம் அது. இன்று அங்கே தெருக்களில் நிழல் பரப்பும் மேப்பிள், லிண்டன், ஆஷ் முதலியன யாவும் மக்கள் கொணர்ந்து நட்டு, நீர் பாய்ச்சி வளர்த்தவை. மாநில மரமென்று 1939இல் ஏற்கப்பட்ட நீல ஸ்புரூசும் மலைப் பள்ளத்தாக்குகளின் ஓடைக்கரைக்கு உரியது. நகரத் தோட்டத்தில் அதுவும் ஒரு விருந்தாளியே ஆகும்.

இம்மரங்களுக்குக் கேடு விளைப்பது குளிரின் மிகுதி மட்டும் அன்று. அதன் நிலையாமையே பெரிதும் கேடு விளைப்பது. இலையுதிர் காலத்திற் பகற்பொழுது குறுகுந்தோறும், குளிரும் படிப்படியாக ஏறுந்தோறும், மரம் தன் உயிரணுக்களைப் பனிக்கு ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. இவ்வாயத்தம் முற்றுப்பெறுமுன் கடுங்குளிர் திடீரெனத் தாக்குமாயின் உயிருள்ள திசுக்கள் உறைந்து மடியும். 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், டென்வரில் பாரன்ஹீட் 60 டிகிரிக்கு மேலிருந்த வெப்பநிலை, மூன்று நாட்களுக்குள் பூச்சியத்திற்குக் கீழே 10 டிகிரியையும் தாண்டி இறங்கிற்று. அடுத்த வசந்தத்தில், கடுங்குளிர் பொறுப்பன எனப் பெயர் பெற்ற சைபீரிய எல்ம் மரங்களுள்ளும் பல தளிர்க்கவில்லை. இவ்வகை இடரைத் தடுத்தல் மனிதராற் கூடாது. ஆனால் நீரும் நிலமும் செம்மையாகப் பெற்ற மரம் இதனைத் தாங்கி எழும், நலிந்த மரம் எழாது என்பது தேற்றம்.

இனி, காப்பு முறைகளுள் முதலாவதாகிய நீரைப்பற்றிக் கூறுவாம். பனி மூடிய நாட்டில் மரம் தாகத்தால் சாகும் என்றால் நம்மவர்க்கு வியப்பாகத் தோன்றும். கொலராடோவின் குளிர்காலத்திற் பல வாரங்கள் பனியும் பெய்யாது. வெயில் தெளிந்து காயும். மலையினின்று இறங்கும் சினூக் என்னும் வெப்பமான வறண்ட காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். ஊசியிலை மரங்கள் அக்காலத்தும் இலைவழியே நீரை இழந்துகொண்டிருக்கும். மண் உறைந்திருப்பின் வேர் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. அதனால் ஊசிகள் நுனி தொடங்கிப் பழுப்பேறும். இலையுதிர்க்கும் மரங்களிலோ கேடு மறைவாக நிகழும். வறண்ட மண்ணில் மெல்லிய வேர்கள் மடிந்துபோயினும், மரம் தான் சேமித்துவைத்த உணவைக்கொண்டு வசந்தத்தில் வழக்கம்போலத் தளிர்க்கும். சேமிப்புத் தீர்ந்தபின், கோடையின் முதல் வெப்பத்தில் வாடிச் சாயும். வீட்டார் அக்கோடையைப் பழிப்பர். உண்மையிற் கொன்றது ஆறு மாதங்களுக்கு முந்திய வறட்சியே.

இதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. கோடை முழுவதும் புற்றரைக்குத் தெளிக்கும் நீரிலேயே அங்குள்ள மரங்கள் வாழ்கின்றன. அக்டோபர் மாதத்தில், குழாய்கள் உறைந்து வெடிக்காதிருக்கும்பொருட்டு, அவற்றின் நீரை வடித்து அடைத்துவிடுவர். அன்றுமுதல் மரத்திற்கு நீர் இல்லை. ஆகவே, அக்டோபர் முதல் மார்ச்சு ஈறாக, மழையும் பனியும் இல்லாத மாதங்களில், மாதத்திற்கு ஓரிரு முறை நீர் விடல் வேண்டும். வெப்பநிலை 40 டிகிரிக்கு மேலிருந்து, மண் உறையாதிருக்கும் நாளின் நண்பகலே அதற்கு ஏற்ற வேளை. இரவு உறையுமுன் நீர் ஊறிவிடும். அடிமரத்தின் விட்டத்தில் அங்குலத்திற்கு 10 காலன் வீதம் விடுதல் பொது விதி. இருபது அங்குல மரத்திற்கு ஒரு முறைக்கு 200 காலன் என்க. ஓர் அடி ஆழம்வரை நனையுமாறு அதனை மெல்ல விடல் வேண்டும்.

நீரை எங்கு விடுவது என்பதும் அறியத்தக்கது. மரத்தின் வேர் கிளையளவே பரவும், ஆழமாக இறங்கும் என்பன பிழையான எண்ணங்கள். நீர் பருகும் வேர்களுட் பெரும்பாலன மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே உள்ளன. அவை கிளைப்பரப்பிற்கும் அப்பால் நெடுந்தூரம் செல்வன. ஆதலின் பெரிய மரத்தின் அடியில் நீரைக் கொட்டுவதாற் பயன் சிறிது. கிளை நுனிகளுக்கு நேர் கீழும் அதற்கு வெளியிலும் விடுதலே தக்கது. அந்நிலத்தின்மீது மரச்சீவலை மூன்று அங்குலக் கனத்திற் பரப்பினால் ஈரம் காக்கப்படும். மண்ணின் வெப்பநிலையும் திடீரென மாறாது. ஆனால் அச்சீவல் அடிமரத்தைத் தொடலாகாது. தொட்டாற் பட்டை அழுகும்.

வேர் மேலாக ஓடுவதால், அதனருகே செய்யும் கட்டட வேலையும் பெருங்கேடாம். சுவருக்குக் கால் தோண்டுதல், மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்துதல், வண்டிகளை நிறுத்தி மண்ணை இறுக்குதல் ஆகிய இவை வேரை அறுக்கும், அன்றி மூச்சடைக்கும். இதன் விளைவு உடனே தோன்றாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் பட்டுப்போகத் தொடங்கும். அப்போது செய்தக்கது மிகச் சிறிதே.

அடுத்தது கிளை கழித்தல். மரத்தின் புண் மனிதர் புண்போல் ஆறுவதன்று. அமெரிக்கக் காட்டிலாகாவைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்து, காயமுற்ற பகுதியை மரம் சுவரெழுப்பியதுபோல் உள்ளேயே அடைத்துவிட்டு, அதன் புறத்தே புதுமரம் வளர்க்கிறது என்று 1977இல் விளக்கினார். ஆகவே, கிளை அடிமரத்தோடு கூடுமிடத்தில் மோதிரம்போற் புடைத்திருக்கும் பகுதியை வெட்டாமல், அதற்குச் சற்று வெளியே அறுத்தல் வேண்டும். கனத்த கிளையை முதலிற் சிறிது தள்ளிக் கீழ்ப்புறம் ஒரு வெட்டும், அதற்கப்பால் மேற்புறம் ஒரு வெட்டும் வெட்டி வீழ்த்தி, எஞ்சிய முனையை மூன்றாவதாக நீக்கினாற் பட்டை கிழியாது. காயத்திற்கு வண்ணம் பூசுதல் பயனற்றது. உச்சியை மொட்டையாக வெட்டுதலோ மிகத் தீது. அங்கு முளைக்கும் போத்துக்கள் உறுதியின்றி நின்று அடுத்த பனிச்சுமையில் முறியும்.

அப்பனிச்சுமை இலை உதிராத அக்டோபரிலும், இலை விரிந்த மே மாதத்திலும் வருமாயின் பெரிதும் அஞ்சத்தக்கது. ஈரப்பனி இலைதோறும் தங்கிக் கிளையைத் தாழ்த்தும். எட்டும் கிளைகளிலுள்ள பனியை நீண்ட துடைப்பத்தாற் கீழிருந்து மேலாக மெல்லத் தள்ளலாம். பனி கட்டியாய் உறைந்திருப்பின் தொடாது விடுக, உலுக்கினால் முறியும்.

பூச்சிகளுள் இன்று மிகக் கொடியது கிழக்காசியாவினின்று வந்த மரகதநிற ஆஷ் துளைவண்டு. இது 2002இல் மிச்சிகனிலும், 2013இல் கொலராடோவின் போல்டர் நகரிலும் கண்டறியப்பட்டது. இதன் புழு பட்டைக்கடியிற் குடைந்து நீரும் உணவும் செல்லும் வழியை அறுக்கிறது. காப்பற்ற ஆஷ் மரம் சில ஆண்டுகளில் மடியும். அடிமரத்தில் மருந்தேற்றிக் காக்கலாம். ஆனால் அதனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து செய்தல் வேண்டும். எனவே எம்மரத்தைக் காப்பது, எம்மரத்தை வெட்டி வேறு நடுவது என்று வீட்டார் தேரவேண்டியுள்ளது. நலமுள்ள பெருமரத்தைக் காத்தலே பெரும்பாலும் தக்கது. கிளை பாதி பட்ட மரத்திற்கு மருந்து வீண். வேர் அழுகி வீட்டின்மேற் சாயும் மரத்தை இரங்கி விட்டுவைத்தலும் அறமன்று.

உறைபனி காணாத நம் ஊர்களுக்கு இவற்றுட் சில வேண்டா. ஆயினும் வேரின் பரப்பும், வெட்டின் முறையும், சேமிப்பைக்கொண்டு சில காலம் பசுமை காட்டி நிற்கும் தன்மையும் மேப்பிளுக்கும் வேம்பிற்கும் ஒன்றே. ஓர் ஆலையோ புளியையோ சுற்றித் தளமிட எண்ணுவோர், அம்மரம் இன்று பசுமையாக நிற்றலைச் சான்றாகக் கொள்ளாது, அதன் வேர் இனி எங்கிருந்து நீர் பருகும் என்று முன்னரே ஆராய்வாராக.