கருமணலை நிறுக்கும் காந்தத் தராசு



தோட்டவெளியை அடுத்த கரைகளில் அலை மீண்டபின் வெண்மணல்மேல் கருங்கோடுகள் படிந்திருக்கக் காணலாம். அக்கருமணலில் பெரும்பங்கு வகிப்பது இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு கூடிய கனிப்பொருள் அது. வெள்ளை வர்ணம் செய்ய உதவுவது. இரும்பு உண்டெனக் கேட்ட மாணவர் சிலர் கைக்காந்தத்தை நீட்டினர். சில மணிகளே ஒட்டின. அவை மகனற்றைற்று. இல்மனைற்றின் கவர்ச்சியோ மிக நலிந்தது.

நலிந்த கவர்ச்சியை அளப்பது எவ்வாறு? கூயி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1889இல் காட்டிய வழி எளியது. மணல் நிரப்பிய கண்ணாடிக் குழாயை நுண்தராசின் ஒரு கையில் தொங்கவிடுவர். குழாயின் அடிமுனை வலிய மின்காந்தத்தின் இரு முனைவுகளுக்கிடையே நிற்கும். மேல்முனை காந்தப் புலத்துக்கு வெளியே நிற்கும். மின்னைச் செலுத்தியதும் இல்மனைற்று கீழே இழுபட்டு, நிறை கூடியதுபோற் காட்டும். வெண்மணலாகிய குவாட்சோ சிறிது தள்ளப்பட்டு, நிறை குறைந்ததுபோற் காட்டும். இவ்வேற்றுமையைக் கொண்டே ஆலைகளில் வலிய காந்தங்களால் இல்மனைற்றைப் பிரித்தெடுக்கின்றனர். புல்மோட்டை நமக்கு அண்மைச் சான்று.

மன்னார்த் தீவிலும் அண்மை ஆண்டுகளில் இம்மணலுக்காகத் துளையிட்டு ஆராய்ந்தனர், மக்கள் எதிர்த்தனர். தாழ்ந்த நிலம் இது; கிணற்று நன்னீரும் இம்மணலுள்ளேயே தங்குகிறது. அவ்வச்சத்தை நான் வீணென்று கொள்ளேன்.

தராசுக்குத் திரும்புவோம். கண்ணாடியும் காந்தத்தாற் சிறிது தள்ளப்படுவதே. ஆதலின் வெறுங்குழாயை முதலில் நிறுத்து, அவ்வேறுபாட்டைக் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.