வலிப்பு நோய்: எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்?

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க ஓடுகிற நாம், அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்பதில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பேர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது!

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் 100-ல் 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்குகிறோம். கல்யாணப் பேச்சில் மறைக்கிறோம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையை 1999-லேயே நீக்கிவிட்டார்கள்.

அப்போ ஆபத்தே இல்லையா? இருக்கு. ஆனால் நாம் பயப்படுகிற இடத்தில் இல்லை.

முதல் கவலை தண்ணீர். நீரில் மூழ்கும் ஆபத்து வலிப்பு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கிணறு, கண்மாய், ஆறு எதுவானாலும் தனியாக இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்த ஒருத்தர் கூட இருக்கணும். வீட்டில் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாமல், கதவில் ‘ஆள் இருக்கு’ என்று ஓர் அட்டையை மாட்டினால் போதும். அடுப்பு, மொட்டை மாடி விளிம்பு, ஏணி ஆகியவற்றிலும் இதே கவனம் தேவை. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் வலிப்பு பற்றி நேரடியாகவே கேட்கிறார்கள். அதில் உண்மையைத்தான் எழுதணும்.

தூக்கத்தில் திடீர் மரணம் வரும் என்று மொபைலில் படித்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மிகவும் குறைவு. ஆக, காவல் இருப்பதைவிட மாத்திரைதான் பெரிய பாதுகாப்பு. “ரெண்டு வருஷமா வரலையே” என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம். வலிப்புக்கான அடிப்படை மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. தீர்ந்த பிறகு போகாமல், ஒரு வாரம் முன்னதாகவே போய் வாங்கி வையுங்க.

கண்ணெதிரே ஒருவருக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்க. வாயில் எதையும் வைக்காதீங்க, கை காலை அழுத்திப் பிடிக்காதீங்க. மொபைலில் நேரம் பாருங்க. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ உடனே 108.