பழைய சிலிண்டரை நம்பலாமா?

மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்த்தே வாங்குகிறோம். ‘ணங்’கென்று ஒலித்தால் நல்ல பானை, ஒலி மழுங்கினால் எங்கோ விரிசல். ஆனால் வீட்டிற்கு வரும் எரிவாயுச் சிலிண்டரை நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. அது நம் வீட்டிற்கு மட்டும் உரியதும் அல்ல. முன்பணம் கட்டி நாம் பெறுவது அதைப் பயன்படுத்தும் உரிமையைத்தான். சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. இன்று நம் வீட்டில் இருப்பது சென்ற மாதம் வேறொரு வீட்டில் இருந்திருக்கும். அப்படியானால் பலர் கைபட்ட இந்தப் பழைய சிலிண்டரை நம்பலாமா? அதை அறியும் வழி சிலிண்டரின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

சமையல் வாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு ஹைட்ரோகார்பன்களின் கலவை. சாதாரண அழுத்தத்தில் புரொப்பேனின் கொதிநிலை -42 டிகிரி செல்சியஸ். பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ பூஜ்ஜியம். ஆகவே நம் ஊர் வெப்பத்தில் இரண்டும் வாயுக்களே. ஆனால் அழுத்தத்தைக் கூட்டினால் இவை எளிதில் திரவமாகிவிடும்.

இதனால் என்ன பயன்? வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ சமையல் வாயு இருக்கிறது. வாயுவாகவே வைத்தால் அதற்கு ஏறத்தாழ 6,500 லிட்டர் இடம் வேண்டும். திரவமாக்கினால் 26 லிட்டர் போதும்! அதாவது கன அளவு 250-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

சிலிண்டரின் கொள்ளளவோ 33.3 லிட்டர். மீதி இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்கலாம். அது வீண் அல்ல. வெப்பம் ஏறினால் திரவம் விரிவடையும். விரிவதற்கு இடம் இல்லாவிட்டால் எஃகுச் சுவரையே பிளந்துவிடும். அதற்காகத்தான் ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக விடப்படுகிறது.

இன்னொரு வியப்பு: சிலிண்டருக்குள் திரவம் இருக்கும்வரை, அது நிறைய இருந்தாலும் கொஞ்சம் இருந்தாலும், அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. திரவத்தின் அளவு அல்ல. ஆகவே அடுப்புச் சுடரைப் பார்த்து எவ்வளவு வாயு மிச்சம் என்று கூற முடியாது. எடை போட்டே அறிய வேண்டும்.

எழுத்தும் எண்ணும்

சிலிண்டரின் கைப்பிடி வளையத்தை உடலோடு இணைக்கும் தகடுகளைப் பாருங்கள். ஒன்றின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், அதை அடுத்து இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். எண் ஆண்டைக் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி ஏப்ரல் முதல் ஜூன் வரை. சி ஜூலை முதல் செப்டம்பர் வரை. டி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ‘டி-28’ என்றிருந்தால், 2028 டிசம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள்.

இதைப் பலர் மருந்துப் புட்டியில் இருப்பது போன்ற காலாவதி நாள் என்று நினைக்கிறார்கள். அது தவறு. வாயு கெட்டுப்போவதில்லை, சோதிக்கப்பட வேண்டியது எஃகுதான். சிலிண்டர்கள் லாரியில் ஏறி, தெருவில் உருண்டு, அடிபட்டு, துருப்பிடிக்கின்றன. ஆகவே புதிய சிலிண்டர் 10 ஆண்டுகளுக்குப் பிறகும், பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சோதிக்கப்படுகிறது.

சோதனையில் சிலிண்டரை நீரால் நிரப்பி அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். காற்றுக்குப் பதில் நீர் எதற்கு? காற்றை அமுக்கினால் அது சுருங்கிய வில்லைப் போல ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சிலிண்டர் உடைந்தால் துண்டுகள் குண்டு போலப் பறக்கும். நீரை அவ்வாறு அமுக்க முடியாது. சுவர் பிளந்தால் அழுத்தம் உடனே இறங்கிவிடும்.

சோதனையில் தேறிய பழைய சிலிண்டரை நம்பலாம். நாள் கடந்த சிலிண்டரை, பார்வைக்குப் புதிதாகத் தோன்றினாலும், ஏற்கக் கூடாது.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

முதலில் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எடை. வெற்றுச் சிலிண்டரின் எடையும் அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். அது 15.8 கிலோ என்றால், நிறைந்த சிலிண்டர் 30 கிலோ இருக்க வேண்டும். மூன்றாவதாக, மூடியை எடுத்து வால்வின் வாய்க்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டாலும் கிழிந்திருந்தாலும் வாயு கசியும். ரெகுலேட்டரை மாட்டியபின் இணைப்பில் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கக் கூடாது.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியேறும். அது 250 மடங்காக விரியும் என்பதை மறக்க வேண்டாம்.

வாசனை எச்சரிக்கிறது

சமையல் வாயுவுக்கு இயற்கையில் சொல்லத்தக்க மணம் இல்லை. எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பிறகே எரிவாயுவில் நாற்றப் பொருள் சேர்க்க வேண்டும் என்னும் சட்டங்கள் பரவின.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதும். நாற்றம் வந்தால் விளக்கின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் தீப்பொறி உண்டாகும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். வீட்டை விட்டு வெளியே வந்தபின் 1906 என்னும் அவசர எண்ணை அழையுங்கள்.

இன்றே உங்கள் வீட்டுச் சிலிண்டரில் உள்ள எழுத்தையும் எண்ணையும் படித்துப் பொருள் கூறுங்கள். படித்ததை வீட்டிலுள்ளோருக்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களில் பலர் அந்த எழுத்தைப் பல்லாண்டுகளாகப் பார்த்தும் பொருள் அறியாமல் இருக்கக் கூடும்.