எந்தக் கால் முன்னே?

புதுமணப் பெண் புக்ககத்தில் நுழையும்போது, "வலது காலை எடுத்து வைத்து வா, அம்மா!" என்று சொல்வது நம் வழக்கம். குதிரைக்கும் அப்படி ஒரு சாஸ்திரம் உண்டு. ஆனால் அதற்கு எப்பொழுதும் வலது கால்தான் என்பதில்லை. வலப்புறம் வளைந்தால் வலது கால். இடப்புறம் வளைந்தால் இடது கால்.

பெருநடைக்கும் நாலுகால் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட மெல்லோட்டத்தை ஆங்கிலேயர் 'கான்டர்' என்பர். அதில் குளம்பொலி மும்மூன்றாகக் கேட்கும். இடப்புற வட்டத்தில் ஓடும் குதிரை முதலில் வலது பின்னங்காலை ஊன்றும். அடுத்து இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒருங்கே தரையைத் தொடும். கடைசியாக இடது முன்னங்கால் நீண்டு பதியும். பிறகு ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில்! அவ்விதம் நீண்டு பதியும் கால் வட்டத்தின் உட்புறத்தில் இருந்தால்தான் உடல் நிலைகொள்ளும். மாறினால் திருப்பத்தில் தடுமாற்றந்தான். வேகம் மிகுந்தால் குதிரையும் அதன்மேல் இருப்பவரும் சேர்ந்து விழவும் கூடும்.

சரியான காலைக் குதிரையிடம் கேட்பது எவ்வாறு? பயிற்சிக் களத்தின் மூலையே அதற்குத் தகுந்த இடம்; அங்கே குதிரையின் உடல் தானாகவே உட்புறம் வளைகிறது. சீரான பெருநடையில் மூலையை அணுகி, அதன் முகத்தைச் சிறிதே உட்புறம் திருப்பி, நமது உட்புறக் காலை வயிற்றுவாரின் அருகிலும், வெளிப்புறக் காலைச் சற்றுப் பின்னேயும் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். ஓட்டத்தைத் தொடங்குவது வெளிப்புறப் பின்னங்கால் அல்லவா? அந்தப் பக்கத்துச் சைகை அதை எழுப்புகிறது.

இந்தச் சூட்சுமம் புதிதன்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் ஸெனபோன், வலது கால் எடுத்து வைக்கும் சமயம் பார்த்துச் சைகை செய்தால் குதிரை இடது காலை முன்னிட்டு ஓடத் தொடங்கும் என்று எழுதிவைத்தார். பலவந்தத்தினால் அழகு பிறவாது என்பதும் அவருடைய கொள்கை.

தவறான காலில் புறப்பட்டுவிட்டால் சிலர் உடனே சவுக்கை ஓங்குகிறார்கள். பிரம்பையே பாடமாக எண்ணிய பள்ளிக்கூடங்களை நாம் கண்டிருக்கிறோம். இடது கையால் எழுதிய பிள்ளைகள் அங்கே பட்ட பாட்டையும் அறிவோம். குதிரைக்கும் ஒரு பக்கம் இயல்பாகவே இணங்கும், மறுபக்கம் இறுகியிருக்கும். எப்பொழுதும் ஒரே காலை அது மறுத்தால், காலிலோ முதுகிலோ வலி இருக்கலாம், சேணம் உறுத்தலாம். வாயில்லாத ஜீவன் அதை வேறு எப்படிச் சொல்லும்? அதைக் கேளாமல் அடித்தால், நோயோடு அச்சமும் சேரும்.

ஆகவே, வலி ஏதுமில்லை என்று தெரிந்துகொண்டு, பதற்றமின்றிப் பெருநடைக்குத் திருப்பி, நிதானப்படுத்தி, மறுபடியும் கேட்க வேண்டும். நாலைந்து எட்டுகள் சரியாக வந்தால் அன்றைக்குப் போதும். லகானைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிக்கொடுத்துப் பாடத்தை முடித்துவிடலாம்.