எழுத்தாளர் பயிலரங்குகள்: பயிற்சியும் பயனும்

நெசவாளருக்கும் தச்சருக்கும் பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டபோது எவரும் வியப்படையவில்லை. ஆனால் எழுத்தாளருக்குப் பயிற்சி அளிப்பது என்றால் இன்றும் புருவத்தை உயர்த்துவோர் உண்டு. எழுத்து பிறவியிலேயே வருவது, அதைக் கற்பிக்க இயலாது என்பது அவர்கள் கருத்து. கற்பனை வளத்தைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையாக இருக்கலாம். எனினும் ஒரு நூல் உருவாகி, அச்சேறி, விற்பனையாகி, அதன் வருவாயில் ஒரு பகுதி அதனை எழுதியவரைச் சென்றடைவதற்குக் கற்பனை வளம் மட்டும் போதாது. எஞ்சியவை யாவும் கற்றுக்கொள்ளக் கூடியவையே. அவற்றைக் கற்பிப்பதற்காக நம் நாட்டில் 1950கள் முதற்கொண்டே அரசும் தன்னாட்சி நிறுவனங்களும் பயிலரங்குகள் நடத்தி வந்துள்ளன.

எந்த அலுவலகத்திலும் மாத ஊதியம் பெறாமல் தனித்து இயங்கும் எழுத்தாளரின் நிலையை முதலில் கருதுதல் வேண்டும். பத்திரிகை தரும் சன்மானம், வானொலி உரைக்குக் கிடைக்கும் தொகை, மொழிபெயர்ப்புக் கூலி, பதிப்பாளர் வழங்கும் ராயல்டி ஆகியவையே அவருடைய வருவாய் இனங்கள். இவற்றுள் எதுவும் குறிப்பிட்ட தேதியில் வருவதில்லை. ஒரு பணியாளர் பயிற்சிக்குச் சென்றால் அவருடைய ஊதியம் தொடர்கிறது. தனித்து இயங்கும் எழுத்தாளர் பத்து நாட்கள் பயிலரங்கில் அமர்ந்தால் அந்தப் பத்து நாட்களின் வருவாயை இழக்கிறார். ஆகவே அவருக்குப் பயிற்சி என்பது இலவசமன்று. அதன் பயனும் அதற்கேற்றவாறு அமைதல் வேண்டும்.

புதிய வாசகரை நோக்கி

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் 18.33 சதவீதத்தினரே. முதியோர் கல்வி வகுப்புகள் பெருகத் தொடங்கிய அக்காலத்தில் ஓர் எதிர்பாராத சிக்கல் எழுந்தது. அரிச்சுவடியை முடித்த உழவரோ தொழிலாளியோ அடுத்துப் படிப்பதற்கு ஏற்ற நூல் இல்லை. பள்ளிச் சிறுவருக்கான பாடநூல் அவருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. பெரியவர்களுக்கான நூலோ அவருடைய வாசிப்புத் திறனுக்கு எட்டவில்லை. படிக்க ஒன்றும் கிடைக்காதபோது கற்ற எழுத்தும் சில ஆண்டுகளில் மறந்து போயிற்று. செலவிட்ட பொதுப்பணமும் அத்துடன் வீணாயிற்று.

இக்குறையைப் போக்க மத்தியக் கல்வி அமைச்சகம் 'சாகித்ய ரசனாலயம்' என்ற பெயரில் எழுத்தாளர் பயிலரங்குகளை 1950களில் ஏற்பாடு செய்தது. புதிதாக எழுத்தறிவு பெற்றோருக்கான சிறந்த நூல்களுக்குப் பரிசளிக்கும் போட்டியும் நடத்தப்பட்டது. வெல்தி ஃபிஷர் அம்மையார் 1953இல் அலகாபாத்தில் தொடங்கிய எழுத்தறிவு இல்லம் 1956இல் லக்னோவுக்கு மாற்றப்பட்ட பின்னர், இத்தகைய எழுத்துக்கான பயிற்சியிலும் ஈடுபட்டது. 1978இல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும், 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கமும் மாநில வள மையங்களின் வாயிலாக இம்முறையை மேலும் பரப்பின.

இப்பயிலரங்குகளின் நடைமுறை சற்று விரிவாக நோக்கத்தக்கது. ஏனெனில் பிற்காலத்தில் வந்த பல பயிலரங்குகள் இதனைக் கைவிட்டுவிட்டன. சொற்பொழிவுக்கு இங்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறைவு. பங்கேற்போர் முதலில் அருகிலுள்ள சிற்றூர்களுக்குச் சென்று, மக்கள் எவற்றைப் பற்றிப் பேசுகின்றனர், எந்தச் சொற்களைப் பயன்படுத்துகின்றனர் என்று கேட்டறிவர். பின்னர் ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு சிறு கையெழுத்துப் பிரதி ஒன்றை எழுதுவர். கால்நடை நோய், கடன் பத்திரம், குடிநீர், நாட்டார் கதை என்று பொருள் எதுவாகவும் இருக்கலாம். அப்பிரதி முதலில் குழுவினர் முன் படிக்கப்படும். அடுத்து அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களிடமே கொண்டு செல்லப்படும்.

இந்த இரண்டாவது கட்டமே பயிலரங்கின் உயிர்நாடி எனலாம். புதிதாகப் படிக்கக் கற்ற ஒருவர் உரக்கப் படிக்கும்போது எழுத்தாளர் அருகில் அமர்ந்து கவனிக்கிறார். படிப்பவர் எந்தச் சொல்லில் தயங்குகிறார், எந்த வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறார், எந்தப் பக்கத்தில் படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார் என்பவை குறித்துக்கொள்ளப்படுகின்றன. நான்கு எச்சங்களை அடுக்கி இறுதியில் ஒரு வினைமுற்றில் நிறுத்தும் வாக்கியம், படித்தவருக்கு அழகாகத் தோன்றலாம். புதிய வாசகர் வினைமுற்றை அடையும்போது எழுவாயை மறந்துவிடுகிறார். 'இடுபொருள்' என்ற அலுவலகச் சொல்லைக் கண்டு நின்றவர், 'விதையும் உரமும்' என்றால் தடையின்றிப் படிக்கிறார். புகழ்பெற்ற எழுத்தாளரும் இச்சோதனையில் தோல்வியுறக் கூடும். தோல்வி எங்கே என்பதும் அவருக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. எந்த விமர்சகரும் இவ்வளவு விரைவாகவும் இவ்வளவு துல்லியமாகவும் ஒரு பிரதியைத் திருத்திக் கொடுத்துவிட முடியாது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 73 சதவீதமாக உயர்ந்தது. புதிய வாசகர் என்ற பிரிவு சுருங்கியிருக்கலாம். ஆனால் வாசகர் முன் பிரதியைச் சோதிக்கும் முறைக்குத் தேவை குறைந்துவிடவில்லை. சிறுவர் நூலுக்கும், மருத்துவச் செய்திக்கும், அரசுத் திட்டத்தை விளக்கும் கையேட்டுக்கும் அது அவ்வாறே பொருந்தும்.

பிற முயற்சிகள்

1954இல் நிறுவப்பட்ட சாகித்திய அகாதெமி 24 மொழிகளில் பணியாற்றுகிறது. அது நடத்தும் மொழிபெயர்ப்புப் பயிலரங்குகளில் மூல ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே மேசையில் அமர்ந்து சொல்லுக்குச் சொல் விவாதிக்கும் வாய்ப்பு உண்டு. 1957இல் அமைக்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், சிறுவர் நூல் ஆசிரியர்களுக்கும் ஓவியர்களுக்கும், எழுத்தறிவு பெற்றோருக்காக எழுதுவோருக்கும் பயிலரங்குகள் நடத்தி வந்துள்ளது. 1982இல் தொடங்கப்பட்ட தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் தொடர்புக் குழு, அறிவியலை மக்கள் மொழியில் எழுதும் பயிற்சியை ஊக்குவித்தது. ஆய்வு மாணவர்கள் தத்தம் ஆய்வைப் பொதுமக்களுக்கு விளங்குமாறு எழுதுவதற்காக 2018இல் தனியே ஒரு போட்டித் திட்டமும் வந்தது. இவை யாவும் பயனுள்ளவையே. எனினும் இவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் முடிவடைபவை.

ஆறு மாதங்களும் மூன்று லட்சமும்

சில நாள் பயிலரங்கு என்ற எல்லையைக் கடந்த முயற்சி, 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட இளம் எழுத்தாளர்களுக்கான பிரதமரின் வழிகாட்டுதல் திட்டம் ஆகும். 30 வயதுக்கு உட்பட்ட 75 பேர் அகில இந்தியப் போட்டியின் வாயிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நேஷனல் புக் டிரஸ்ட் இதனை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றது. முதல் மூன்று மாதங்கள் பயிற்சிக்கும், அடுத்த மூன்று மாதங்கள் இலக்கிய விழாக்களிலும் புத்தகக் கண்காட்சிகளிலும் பங்குகொள்வதற்கும் என வகுக்கப்பட்டது. தேர்வு பெற்றோருக்கு மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதங்களுக்கு உதவித்தொகையும், நூல் வெளிவந்த பின் 10 சதவீத ராயல்டியும் உண்டு. 2022இல் இரண்டாம் பதிப்பும் 2025இல் மூன்றாம் பதிப்பும் தொடர்ந்தன.

இத்தொகையின் பொருளாதார முக்கியத்துவத்தை ஓர் எளிய கணக்கினால் உணரலாம். ஒரு நூலின் விலை 200 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்று கொள்வோம். ஒரு படிக்கு ஆசிரியருக்குக் கிடைப்பது 20 ரூபாய். 1,000 படிகளும் விற்றுத் தீர்ந்தால் 20,000 ரூபாய். அந்நூலை எழுத ஆறு மாதங்கள் ஆயின எனில் மாதத்துக்குச் சுமார் 3,333 ரூபாய். அதுவும் விற்பனை முடிந்த பின்னரே. ஆறு மாத உதவித்தொகையான மூன்று லட்சம் ரூபாயை ராயல்டியாகவே ஈட்ட வேண்டுமானால் 15,000 படிகள் விற்றாக வேண்டும். இந்திய மொழிகளில் ஒரு புதிய ஆசிரியரின் முதல் நூல் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிதினும் அரிது.

எனவே இவ்வுதவித்தொகை பரிசன்று. எழுதும் காலத்துக்கான நடைமுறை மூலதனம் என்றே கொள்ள வேண்டும். உழவருக்கு விதைப்புக் காலத்தில் கடன் தேவைப்படுவது போல எழுத்தாளருக்கு எழுதும் காலத்தில் பணம் தேவைப்படுகிறது. 75 பேருக்கும் சேர்த்து முதற்பதிப்பின் உதவித்தொகை 2 கோடியே 25 லட்சம் ரூபாய் ஆகிறது. பொதுச் செலவினக் கணக்குகளில் இது மிகச் சிறிய தொகையே. ஆனால் வயது வரம்பைப் பற்றி ஒரு சொல் கூறத்தான் வேண்டும். எழுதும் திறன் 30 வயதுக்குள் முதிர்ந்துவிடும் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின் நாற்பதில் பேனாவை எடுக்கும் பெண்ணுக்கும், ஆலை மூடப்பட்டபின் தன் தொழில் அனுபவத்தை எழுத முற்படும் தொழிலாளிக்கும் இத்தகைய வாயில் திறக்கப்படவில்லை.

கையொப்பமிடும் முன்

பயிலரங்குகளின் நிகழ்ச்சி நிரல்களில் பெரும்பாலும் இடம்பெறாத பொருள் ஒன்று உண்டு. அது ஒப்பந்தம். கதைக் கரு, நடை, பாத்திரப் படைப்பு ஆகியவற்றுக்கெல்லாம் அமர்வுகள் உண்டு. பதிப்பாளர் நீட்டும் தாளைப் படிப்பது எவ்வாறு என்பதற்கு அமர்வு இருப்பதில்லை. எல்லா உரிமைகளையும் ஒரே தொகைக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அந்நூல் பல பதிப்புகள் காணும்போது கையைப் பிசைந்து நிற்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு மொழியிலும் உள்ளனர்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்குச் சாதகமான பல விதிகளைக் கொண்டது. தனித்து இயங்கும் எழுத்தாளர் எவருடைய பணியாளரும் அல்லர் என்பதால், பொதுவாக அவர் எழுதியதன் முதல் உரிமையாளர் அவரே. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் அமைந்து, கையொப்பமிடப்பட்டால்தான் செல்லும். வாய்மொழிச் சம்மதம் போதாது. எந்த நூல், எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பகுதி, எவ்வளவு ராயல்டி என்பவை குறிப்பிடப்பட வேண்டும் என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. கால அளவு குறிப்பிடப்படாவிடில் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். நிலப்பகுதி குறிப்பிடப்படாவிடில் இந்தியா மட்டுமே. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தாமல் விட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, அவ்வுரிமை காலாவதியாகிவிடும். உரிமையை விற்றுவிட்ட பின்னரும் நூலை எழுதியவர் தாமே என்று கோரும் உரிமை ஆசிரியரைவிட்டு நீங்குவதில்லை.

மறுபுறம் அரசு நடத்தும் பயிலரங்குகளில் பங்கேற்போர் அறிந்திருக்க வேண்டிய விதியும் ஒன்றுண்டு. அரசின் கட்டளையின்படியோ கட்டுப்பாட்டின் கீழோ உருவாக்கப்படும் படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாவிடில், அரசே முதல் உரிமையாளர். எழுத்தறிவு நூல்களை மலிவாகவும் இலவசமாகவும் வழங்க இவ்விதி உதவுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் பயிலரங்கில் எழுதிய பிரதி யாருக்குச் சொந்தம் என்பதைப் பங்கேற்பாளர் இறுதி நாளில் அறிவதைவிட அழைப்புக் கடிதத்திலேயே அறிவது முறை. ஒரு பக்கக் குறிப்பு போதும்; அதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.

எதனைக் கணக்கிடுவது?

பயிலரங்கு முடிந்ததும் அறிக்கை அனுப்பப்படுகிறது. பங்கேற்றோர் இத்தனை பேர், அமர்வுகள் இத்தனை, செலவு இவ்வளவு என்று அதில் இருக்கும். எழுதப்பட்ட பிரதிகளுள் எத்தனை இரண்டாண்டுகளுக்குள் அச்சாயின, எத்தனை படிகள் விற்றன, ஆசிரியருக்குச் சேர்ந்த தொகை யாது என்ற விவரங்களுக்கு அதில் பத்தி இருப்பதில்லை. உள்ளிட்டை அளந்து விளைவை அளக்காமல் விடுவது வேறு எந்தத் திட்டத்திலும் தணிக்கையின் கேள்விக்கு உள்ளாகும்.

பிரதிகள் பெரும்பாலும் தேங்குவது பயிலரங்குக்கும் அச்சகத்துக்கும் இடையிலுள்ள மாதங்களில்தான். ஊர் திரும்பும் எழுத்தாளரிடம் ஒரு திருத்தப்படாத பிரதி இருக்கிறது. அதனை வாங்கிப் பார்த்து, இரண்டாம் அத்தியாயத்தைக் குறைக்கவும், நான்காவதை முன்னே கொணரவும் சொல்லுமளவுக்குப் பொறுமையுள்ள ஒரு பதிப்பாசிரியர் அவருக்கு அடுத்த ஆறு மாதங்களுக்குத் தேவை. பயிலரங்கின் செலவில் ஒரு பகுதியை அப்பதிப்பாசிரியரின் மதிப்பூதியத்துக்கென ஒதுக்கலாம். அதற்காக அமர்வுகளில் இரண்டைக் குறைக்க நேரிட்டால், தொடக்க விழாவையும் நிறைவு விழாவையும் குறைத்துக்கொள்ளலாம்.