சந்தியாகோ யாத்திரை: கூட்டம் பெருகும்போது தொண்டர்கள் என்ன செய்கிறார்கள்?

தென் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்ப் பக்கம் போய் "சந்தியாகு" என்று கூப்பிட்டால் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் கோயிலே இருக்கிறது. இயேசுவின் 12 சீடர்களில் ஒருவரான யாக்கோபுதான் இந்தச் சந்தியாகு. போர்த்துகீசியர் வழியாக நம்ம கரைக்கு வந்த பெயர் இது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா பகுதியில், இதே பெயரோடு ஒரு ஊர் இருக்கிறது: சந்தியாகோ தே கொம்போஸ்தெலா. யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக 9-ம் நூற்றாண்டிலிருந்து நம்பிக்கை. அந்தக் கல்லறையை நோக்கி நடந்து போகிற பாதைகளுக்கு 'கமீனோ' என்று பெயர். அதாவது, வழி. அவ்வளவுதான்.

இந்த யாத்திரையைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் குறிப்பு நடக்கிறவர்களைப் பற்றியது இல்லை, அவர்களுக்குக் கதவு திறக்கிறவர்களைப் பற்றியது. வருகிற கூட்டம் பல மடங்கு ஆகும்போது, சம்பளம் வாங்காமல் உதவுகிறவர்களின் வேலை என்னவாக மாறுகிறது? இந்தக் கேள்வி எந்தப் புனிதத் தலத்துக்கும் பொருந்தும். சந்தியாகோவில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதால் அங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது.

எண்கள் சொல்வது

நடந்து வந்து சேர்ந்தவர்களுக்குப் பேராலயம் 'கொம்போஸ்தெலா' என்ற லத்தீன் சான்றிதழ் கொடுக்கிறது. 1980-களின் நடுவில் வருடத்துக்குச் சில ஆயிரம் பேர்கூட அதை வாங்கவில்லை. 1993-ல் ஏறக்குறைய 1 லட்சம். 2010-ல் 2.7 லட்சத்துக்கு மேல். 2019-ல் 3.47 லட்சம். பெருந்தொற்றில் 2020-ல் தடாலென்று விழுந்தது. அப்புறம் 2023-ல் 4.4 லட்சத்தைத் தாண்டி, 2024-ல் 5 லட்சத்தை நெருங்கி, 2025-ல் அதையும் கடந்துவிட்டது. ஊரின் மக்கள்தொகையே 1 லட்சத்தை ஒட்டித்தான். சான்றிதழ் வாங்காமல் போகிறவர்களும், பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

1993-ம் 2010-ம் ஏன் எகிறின? ஜூலை 25 யாக்கோபு திருநாள். அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அந்த வருடம் 'புனித ஆண்டு'. 6, 5, 6, 11 வருட இடைவெளிகளில் இது திரும்பத் திரும்ப வரும். 2021-ல் வந்ததைத் தொற்று காரணமாக 2022 முடிய நீட்டித்தார்கள். அடுத்தது 2027.

அழிந்துபோன பாதையை மீட்டது யார்?

செத்துக்கொண்டிருந்த இந்தப் பாதையை முதலில் தூக்கி நிறுத்தியது சுற்றுலாத் துறை இல்லை, தனி ஆட்கள். ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குச் சாமியார் எலியாஸ் வாலின்யா 1980-களில் மஞ்சள் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். இன்றைக்கும் எல்லாரும் பின்பற்றுவது அதே மஞ்சள் அம்புகளைத்தான். 1987-ல் ஐரோப்பிய கவுன்சில் இதைத் தன் முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. அவர் 1989-ல் இறந்துவிட்டார்.

அம்பு போட்டாயிற்று. நடந்து வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள்? அதற்கு வந்த பதில்தான் 'ஒஸ்பிதலேரோ' என்ற தொண்டர். நம்ம ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கும் இதற்கும் லத்தீன் வேர் ஒன்றுதான். இடைக்காலத்தில் 'ஒஸ்பிதல்' என்றால் வழிப்போக்கர் தங்கும் சத்திரம். 1990-களின் தொடக்கத்திலிருந்து, ஏற்கனவே யாத்திரை முடித்தவர்கள் திரும்பி வந்து சத்திரங்களைப் பார்த்துக்கொள்வது ஒரு ஒழுங்கான ஏற்பாடாக வளர்ந்தது. ரபனால் என்ற கிராமத்தில் பிரிட்டன் யாத்ரீகர் சங்கம் 1991-லேயே தொண்டர்களை வைத்துச் சத்திரம் திறந்தது.

விதிகள் எளிமையானவை. நீங்கள் முன்பே நடந்திருக்க வேண்டும். ஒரு சிறு பயிற்சி முகாமில் கலந்துகொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது, பயணச் செலவும் உங்களுடையது. ஒரு இடத்தில் பொதுவாக 15 நாள்தான். அப்புறம் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அந்த 15 நாள் சும்மா வைத்தது இல்லை. விடியற்காலை எழுந்து காபி போட்டு, எல்லாரையும் 8 மணிக்குள் வழியனுப்பி, கக்கூஸ் கழுவி, தரை கூட்டி, கடைக்குப் போய், மதியம் கதவைத் திறந்து, முத்திரை குத்தி, படுக்கை காட்டி, கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டு, ராத்திரிச் சாப்பாடு சமைத்து, 10 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். மறுநாள் வேறு ஆட்கள், அதே கேள்விகள். மூன்றாவது வாரம் யாருக்குமே முகம் சுளிக்கத் தோன்றும். அதுவும் போக, ரொம்ப நாள் இருந்தால் 'இது என் சத்திரம்' என்ற எண்ணம் வந்துவிடும்.

பல சத்திரங்களில் கட்டணமும் இல்லை, உண்டியல்தான். கிரான்யோன் என்ற ஊரில் தேவாலயத்தை ஒட்டிய சத்திரத்தில் தரையில் பாய்தான் படுக்கை. அங்கே உள்ள பணப்பெட்டி திறந்தே இருக்கும். முடிந்ததைப் போடலாம், தேவைப்பட்டால் எடுக்கவும் செய்யலாம். இன்று ராத்திரி நீங்கள் சாப்பிடுவது நேற்று வந்தவர்கள் போட்ட காசில். நீங்கள் போடுவது நாளை வருகிறவருக்கு.

மூன்று நிமிடக் கணக்கு

இப்போது யாத்திரை முடிகிற இடத்துக்கு வருவோம். சந்தியாகோவில் கர்ரேதாஸ் தெருவில் யாத்ரீகர் அலுவலகம் இருக்கிறது. அங்கே சம்பள ஊழியர்களோடு தொண்டர்களும் வேலை செய்கிறார்கள். உங்கள் யாத்ரீகர் அட்டையில் முத்திரைகள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடந்து வந்தால் குறைந்தது 100 கி.மீ., சைக்கிள் என்றால் 200 கி.மீ. எதற்காக வந்தீர்கள், சமயக் காரணமா, வேறு காரணமா என்றும் கேட்பார்கள். பிறகு உங்கள் பெயரை லத்தீனாக்கிச் சான்றிதழில் எழுதுவார்கள்.

கோடை உச்சத்தில் ஒரு நாளைக்கு 2,000 பேருக்கு மேல் வருகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மணி நேரம், 10 கவுன்டர் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு 3 நிமிடம். பிரான்ஸ் எல்லையிலிருந்து 780 கி.மீ. தூரத்தை ஒரு மாதத்துக்கு மேல் நடந்து வந்தவருக்கும் அதே 3 நிமிடம்தான். அவர் இறந்துபோன மகனுக்காக நடந்திருக்கலாம். அதைச் சொல்ல வாயெடுக்கும்போது பின்னால் வரிசை நிற்கிறது. தொண்டர் கேட்பாரா, முத்திரையைக் குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாரா?

சத்திரக்காரராக வந்தவர் குமாஸ்தாவாக ஆகிவிடுகிற ஆபத்து இதுதான். கூட்டத்தை வேகமாக அனுப்ப வழி உண்டு. பெயர், ஊர் விவரங்களைப் போனிலேயே பதிவு செய்யலாம், க்யூஆர் கோடு வைத்து வரிசை எண் வாங்கலாம். இவை வந்த பிறகு தெருவில் மணிக்கணக்காக நிற்பது குறைந்தது. ஆனால் வேகம் கூடியதால் மட்டும் பேச்சுக்கு இடம் கிடைத்துவிடாது. அதற்குத் தனியாக நாற்காலி போட வேண்டும்.

சிலர் அதைச் செய்திருக்கிறார்கள். நெதர்லாந்து, பெல்ஜிய யாத்ரீகர் சங்கங்களின் தொண்டர்கள் அங்கே ஒரு அறையை வீட்டுக் கூடம் மாதிரி நடத்துகிறார்கள். காபி கொடுத்து உட்கார வைத்து, சொந்த மொழியில் பேசவிடுவதுதான் வேலை. ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் இதே மாதிரி ஏற்பாடுகள் உண்டு. முத்திரை குத்துவதை வேகமாக்கலாம். கேட்பதை வேகமாக்க முடியாது. அதனால் இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே கவுன்டரில் கொடுக்கக் கூடாது. இந்த யாத்திரையைப் பற்றிப் படித்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

இது இலவச உழைப்புச் சுரண்டலா?

நியாயமான கேள்விதான். பாதை நெடுக ஹோட்டல், பை தூக்கும் சர்வீஸ், டூர் கம்பெனி என்று பெரிய வியாபாரம் நடக்கிறது. 10-ல் 3 பேர் சாரியா ஊரிலிருந்து கடைசி 115 கி.மீ. மட்டும் நடக்கிறார்கள். இத்தனை பணம் புரளும் இடத்தில் ஒருவர் எதற்குச் சும்மா கக்கூஸ் கழுவ வேண்டும்?

ஸ்பெயினின் யாத்ரீகர் சங்கக் கூட்டமைப்பு இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. பங்கு ஆலயம், ஊராட்சி, சங்கம் மாதிரி லாபநோக்கம் இல்லாத சத்திரங்களுக்குத்தான் அதன் தொண்டர்கள் போவார்கள். சம்பள வேலையை அழிக்கிற இடத்தில் தொண்டு நுழையக் கூடாது என்பது நல்ல விதி. உண்டியல் சத்திரம் ஒன்று மூடினால், கையில் காசில்லாத யாத்ரீகருக்கு அந்த ஊரில் இடமே இல்லை. தொண்டர் காப்பாற்றுவது அந்த ஒரு வாய்ப்பை.

போக ஆசைப்படுகிறவர்களுக்கு

முதலில் நடங்கள். அது இல்லாமல் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கொஞ்சம் ஸ்பானிஷ் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க, கனடா யாத்ரீகர் சங்கங்கள் ஆங்கிலத்திலேயே பயிற்சி நடத்துகின்றன.

2027 புனித ஆண்டு. ஆள் கட்டாயம் தேவைப்படும், அதுவும் முக்கியமாகக் கேட்பதற்கு. சமையலோ முத்திரையோ ஒரே நாளில் பழகிவிடும். இருபதாவது ஆள் அதே கொப்புளக் கதையைச் சொல்லும்போது முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். 15 நாள் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். இந்த இரண்டும் வருமா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.